படகு ஓடாத நாளுக்கு அறை வாடகை யார் கட்டுவது?

2016 டிசம்பரில் சென்னையைப் புரட்டிப்போட்ட வர்தா புயல், அதற்குச் சில நாள் முன்பு காற்றழுத்தத் தாழ்வாக இருந்தபோதே அந்தமானை உலுக்கிவிட்டுத்தான் வந்தது. ஹேவ்லாக், நீல் என்ற இரண்டு சிறு தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். கப்பல்கள் நின்றுபோயின. கடைசியில் கடற்படையும் கடலோரக் காவல்படையும் போய்த்தான் அவர்களைப் போர்ட் பிளேருக்கு மீட்டு வந்தன. மீட்புப் படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. கூடுதலாகத் தங்கிய இரவுகளுக்கு வாடகை யார் கட்டியது, முன்பணம் கட்டியும் போய்ச் சேர முடியாத போர்ட் பிளேர் அறைக்கான காசு என்ன ஆனது என்று மட்டும் யாரும் எழுதவில்லை.

தீவுப் பயணத்துக்கு அறை தேடுகிறவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான். ஊட்டியில் எடுத்த அறை பிடிக்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு எதிர் லாட்ஜுக்கு நடக்கலாம், அல்லது ராத்திரியோடு ராத்திரியாக மேட்டுப்பாளையம் இறங்கிவிடலாம். ஹேவ்லாக்கில் மாலைக்குப் பிறகு வெளியேற வழியே கிடையாது. கிடைத்த அறைதான் அறை, சொன்ன விலைதான் விலை. அதனால் பேரம், விசாரணை, வாக்குவாதம் எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்தபடி, பணம் கட்டுவதற்கு முன்பே, எழுத்தில் முடித்துவிட வேண்டும். பின்னால் ஏதாவது தகராறு என்று வந்தால் கையில் நிற்பது அந்த எழுத்து ஒன்றே.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் தீவு ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் தீவு ஷஹீத் த்வீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் அறிவித்தார்கள். பேச்சில் இன்னும் பழைய பெயர்கள்தான் புழங்குகின்றன. இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். கப்பல் டிக்கெட்டில் ஒரு பெயரும் ஹோட்டல் வவுச்சரில் இன்னொன்றும் இருந்தால் பதற வேண்டாம், இரண்டும் ஒரே இடம்.

அறைக்கு முன்னால் நாட்கணக்கு

சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானத்தில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுக் கப்பலில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். அரசுக் கப்பலில் இன்னும் கொஞ்சம் அதிகம். கப்பல்கள் பெரும்பாலும் காலையில் தொடங்கிப் பிற்பகலோடு முடிந்துவிடும். அந்தமான் கிழக்கே வெகுதூரம் தள்ளி இருந்தாலும் நம் கடிகாரத்தையே பின்பற்றுகிறது. டிசம்பரில் மாலை 5 மணி வாக்கில் சூரியன் விழுந்துவிடும். மதிய விமானத்தில் இறங்குகிறவருக்கு அன்றைக்கே ஹேவ்லாக் போய்ச் சேர்வது நிச்சயமில்லை. அப்படியிருந்தும் முதல் இரவையே ஹேவ்லாக்கில் போட்டு பேக்கேஜ் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். வாங்குகிறவர் விமான நேரத்தையும் கப்பல் நேரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில்லை.

திரும்பும் நாளில் சிக்கல் இன்னும் பெரிது. ‘கடைசி இரவு ஹேவ்லாக், மறுநாள் காலைக் கப்பல், பிற்பகல் விமானம்’ என்ற திட்டம் தாளில் அழகாக இருக்கும். கடல் கொந்தளித்துக் கப்பல் நின்றால் விமானமும் போகும், சென்னையில் பிடிக்க வேண்டிய ரயிலும் போகும். கடைசி இரவு போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும். இதில் மட்டும் சமரசம் செய்துகொள்ளாதீர்கள். மே மாதப் பாதியிலேயே தென்மேற்குப் பருவமழை அந்தமானில் நுழைந்துவிடும். மே முதல் செப்டம்பர் வரை போகிறவர்கள் அறை வாடகை மலிவாக இருப்பதன் காரணத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

போர்ட் பிளேரில் அதிகாலைக் கப்பல் இருந்தால் ஹேடோ, ஃபீனிக்ஸ் பே துறைகளிலிருந்து எட்டிப் போகாத இடமாகப் பாருங்கள். அபர்தீன் பஜார் பக்கம் தமிழில் பேசியே காரியம் முடித்துவிடலாம்; அந்த ஊரில் தமிழர்கள் பல தலைமுறையாக வாழ்கிறார்கள். ஹேவ்லாக்கில் வங்காளிக் குடியேறிகள் அதிகம், அங்கே இந்தி உதவும்.

வயதானவர்கள், கைக்குழந்தை, கர்ப்பிணி யாராவது உடன் வந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. ஹேவ்லாக்கில் இருப்பது ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய சிகிச்சை என்றால் போர்ட் பிளேரின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வர வேண்டும், நடுவே கடல். அப்படிப்பட்ட குடும்பம் போர்ட் பிளேரிலேயே தங்கிக்கொண்டு, கடல் நல்லபடியாக இருக்கும் நாளில் காலையில் போய் மாலையில் திரும்புவதே மேல் என்பேன். ரிசார்ட் படம் பார்த்து மயங்கிய பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

‘கடலை ஒட்டிய அறை’ என்றால்

ஹேவ்லாக்கில் கடற்கரைகளுக்கு எண்தான் பெயர். கப்பல் துறை 1-ஆம் எண் பக்கம், கடைத்தெரு 3-ஆம் எண்ணாகிய கோவிந்த நகரில், ரிசார்ட்டுகள் வரிசையாக நிற்பது 5-ஆம் எண்ணாகிய விஜய நகரில். உலகப் புகழ்பெற்ற ராதாநகர் கடற்கரை 7-ஆம் எண். தீவின் மறுபக்கம், மேற்கே, துறையிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கு மேல். 2020-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற கடற்கரை அது. சூரியன் கடலில் விழுவதை அங்கேதான் பார்க்கலாம். கிழக்குக் கரையில் அறை எடுத்துவிட்டு ‘சன்செட் வியூ’ எங்கே என்று தேடுவதில் பயனில்லை. இருட்டிய பிறகு ஆட்டோ கிடைப்பதும் லேசு இல்லை.

படத்தில் தெரியாத இன்னொன்று, கடல் வற்றம். 5-ஆம் எண் கடற்கரையில் நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகுதூரம் பின்வாங்கிப் பவளப் பாறையும் சேறும் வெளியே தெரியும். கால் வைத்தால் கிழியும், நீந்த முடியாது. ரிசார்ட் விளம்பரத்துக்குப் படம் எடுக்கிறவர் நீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்துத்தான் எடுப்பார். அது பொய் ஆகாது, பாதி நாளின் உண்மை. நீங்கள் போகும் தேதியில் கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று ஹோட்டலிடமே கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத வரவேற்பறையைப் பற்றி அந்த மௌனமே பாதி சொல்லிவிடும்.

‘சீ ஃபேஸிங்’, ‘சீ வியூ’, ‘கார்டன் வியூ’, ‘பீச் ஃப்ரண்ட்’ எல்லாம் விற்பனைச் சொற்கள். இவற்றுக்குச் சட்டத்தில் அளவுகோல் இல்லை. கேட்க வேண்டியது: அறையின் ஜன்னலிலிருந்து கடல் தெரியுமா, அறை வாசலிலிருந்து மணலுக்கு எத்தனை நிமிட நடை, நடுவே சாலை குறுக்கிடுகிறதா. வரைபடச் செயலியில் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் பாதி சந்தேகம் தீரும். ‘பிரைவேட் பீச்’ என்று போட்டிருந்தால் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். அலை ஏறி இறங்கும் அந்த மணல் அரசின் நிலம், எந்த ஹோட்டலின் சொத்தும் இல்லை.

நட்சத்திரத்திலும் இதே கதை. மத்திய சுற்றுலா அமைச்சகம் தரும் நட்சத்திரத் தகுதி ஒன்று உண்டு. அதை வாங்குவதும் வாங்காததும் ஹோட்டலின் விருப்பம். முன்பதிவுச் செயலியில் மின்னும் நட்சத்திரம் பெரும்பாலும் செயலி தானே போட்டுக்கொண்டது. அமைச்சகத் தகுதி இல்லாத ஹோட்டல் ‘ஃபோர் ஸ்டார்’ என்று தன்னைத் தானே விளம்பரம் செய்தால் அது தவறான விளம்பரம் என்று நுகர்வோர் ஆணையத்தில் வாதிட இடம் இருக்கிறது.

கரண்டும் தண்ணீரும் பற்றிக் கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை. இந்தத் தீவுகளில் மின்சாரம் பெருமளவு டீசல் ஜெனரேட்டரில் ஓடுகிறது. நன்னீர் மழையை நம்பி இருக்கிறது. கரண்டு போனால் ஹோட்டலின் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, விளக்கும் விசிறியும் மட்டுமா என்று கேட்டு வைப்பது நல்லது.

விலையில் ஒளிந்திருப்பவை

2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய்க்குள் இருக்கும் அறைக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,400 ரூபாய் அறைக்கு வரி 370 ரூபாய். 7,600 ரூபாய் அறைக்கு 1,368 ரூபாய். வாடகையில் இருநூறு ரூபாய் வித்தியாசம், வரியில் ஆயிரம் ரூபாய். எல்லையை ஒட்டிய அறையாக இருந்தால் ஹோட்டலிடம் பேசிப் பாருங்கள், பல இடங்களில் இறங்கி வருவார்கள். பழைய 12 சதவீதத்தை இன்னும் பில்லில் போடுகிற இடம் இருந்தால் தட்டிக் கேளுங்கள்.

உணவு பற்றிய சுருக்கெழுத்துகளும் ஏமாற்றும். ‘ஈ.பி.’ என்றால் அறை மட்டும், ‘சி.பி.’ என்றால் காலை உணவோடு, ‘எம்.ஏ.பி.’யில் காலைச் சாப்பாட்டோடு இன்னொரு வேளை, வழக்கமாக இரவு, ‘ஏ.பி.’ மூன்று வேளையும். ரிசார்ட் கடைத்தெருவிலிருந்து தள்ளி இருந்தால் வெளியே போய்ச் சாப்பிடுவதே தனிச் செலவு. டிசம்பர் 24, 31 இரவுகளில் சில ரிசார்ட்டுகள் ‘காலா டின்னர்’ என்று தலைக்கு இவ்வளவு எனக் கட்டாயமாக வசூலிக்கும். முன்பதிவின்போது அதைக் காட்டாமல், போய் இறங்கிய பிறகு கேட்டால் நீங்கள் மறுக்கலாம்.

இப்படி விலையைத் துளித்துளியாக ஏற்றுவது, ‘இன்னும் ஒரே ஒரு அறைதான்’ என்று பொய்யாக அவசரப்படுத்துவது, கேட்காமலே காப்பீட்டையோ நன்கொடையையோ பில்லில் சேர்ப்பது ஆகியவற்றை ‘டார்க் பேட்டர்ன்’ என்று பெயரிட்டு, 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது. பட்டியலில் மொத்தம் 13 வகை. ஹோட்டல், உணவக பில்லில் சேவைக் கட்டணத்தைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்பது அதே ஆணையத்தின் 2022 ஜூலை உத்தரவு. தில்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதை உறுதி செய்தது. ‘இது எங்கள் வழக்கம் சார்’ என்று சொன்னால், வழக்கத்தை நீக்கி பில் போடச் சொல்லுங்கள்.

செயலியில் விலை பார்த்த பிறகு ஹோட்டலுக்கே ஒரு போன் போடுவது பலன் தரும். செயலியில் இருப்பதைவிடக் குறைந்த விலைக்கு வேறெங்கும் விற்கக் கூடாது என்று ஹோட்டல்களைக் கட்டுப்படுத்தியது உள்ளிட்ட காரணங்களுக்காக 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் மேக்மைட்ரிப்-கோஐபிபோவுக்கு 223 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. நேரடியாகப் பேசும்போது விலை குறைந்தாலும், ரத்து செய்தால் பணம் திரும்புமா என்பதை எழுதி வாங்காமல் விடாதீர்கள்.

பேக்கேஜ்காரர் எழுதும் ஒரு வரி

டிராவல்ஸ்காரர் அனுப்பும் தாளில் ஹோட்டல் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ‘அல்லது அதற்கு இணையானது’ என்று இருக்கும். இந்த ஒரு வரி அவருக்கு எல்லாச் சுதந்திரத்தையும் தருகிறது. படத்தில் நீச்சல் குளம், போய் இறங்கினால் சந்துக்குள் லாட்ஜ். கேட்டால் ‘இதுவும் இணையானதுதானே!’ பணம் கட்டும் முன் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். முடியாது என்றால், இணையான ஹோட்டல்கள் எவை என்று பெயரோடு எழுதச் சொல்லுங்கள். மாற்றினால் விலை வித்தியாசத்தைத் திருப்பித் தர வேண்டும் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நேர்மையான முகவர் இதற்குத் தயங்க மாட்டார்.

போலிகள் தனி ரகம். தேடல் பக்கத்தில் ஹோட்டல் பெயரைப் போட்டதும் முதலில் வரும் செல்பேசி எண் ஹோட்டலுடையதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. யாத்திரிகர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் குறிவைத்துப் போலி முன்பதிவுத் தளங்கள் நடப்பதாக மத்திய உள்துறை அமைச்சகமே 2025 ஏப்ரலில் எச்சரித்தது. எளிய சோதனை ஒன்று: ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம் மாநிலத்தைக் குறிக்கும். அந்தமான் நிக்கோபாருக்கு 35, தமிழ்நாட்டுக்கு 33. ஹேவ்லாக் ஹோட்டல் என்று சொல்லிக்கொண்டு வேறு எண்ணில் தொடங்கும் பில்லை அனுப்பினால், யார் நீங்கள் என்று கேட்க வேண்டிய நேரம் அது. ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவுபெற்ற பெயர் வந்துவிடும். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு வீட்டு விடுதிக்கு ஜிஎஸ்டி எண் இல்லாமல் இருக்கலாம், அதில் தப்பில்லை. அங்கே தங்கிய யாரையாவது விசாரியுங்கள், முன்பணத்தைக் குறையுங்கள். தனியாள் பெயரில் உள்ள யுபிஐக்கு முழுத் தொகையை அனுப்பாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், சேவை கிடைக்காதபோது வங்கி வழியே பணத்தைத் திரும்பக் கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. யுபிஐயில் போனது போனதுதான் என்று சொல்லும் அளவுக்கு அது கடினம். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் முடக்க முடியும்.

குளம், படகு, முதலை

கேரளத்தில் கோவளம் சமுத்ரா ஹோட்டல் அரசுக்குச் சொந்தமானது. 2006-இல் அங்கே தங்கியிருந்த ஒருவர் நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். குளத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டிய உயிர்காப்பாளரிடம் மது பரிமாறும் வேலையையும் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். தேசிய நுகர்வோர் ஆணையம் விதித்த 62.50 லட்சம் ரூபாய் இழப்பீட்டை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. குளம் கட்டி அதைக் காட்டி விருந்தினரை அழைத்தால், அதில் இறங்குகிறவரின் பாதுகாப்புக்கும் ஹோட்டல் பொறுப்பு என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

‘உங்கள் சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்’ என்ற பலகையைப் பார்த்தால் பலர் அதோடு உரிமை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தில்லி தாஜ்மகால் ஹோட்டலில் 1998-இல் விருந்தினர் சாவியை ஊழியரிடம் கொடுத்து நிறுத்திய கார் திருடுபோனது. சீட்டில் ‘உரிமையாளர் பொறுப்பு’ என்று அச்சிட்டிருந்தார்கள். 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை: தன் கவனக்குறைவுக்கான பொறுப்பை ஒரு வரி அச்சடித்துக் கழித்துக்கொள்ள ஹோட்டலுக்கு உரிமை இல்லை. பலகை எச்சரிக்கைக்கு உதவும், கேடயமாக எப்போதும் உதவாது.

2014 ஜனவரி 26 அன்று போர்ட் பிளேர் அருகே ‘அக்வா மரீன்’ என்ற சுற்றுலாப் படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பலர் காஞ்சிபுரத்திலிருந்து குழுவாகப் போனவர்கள். படகில் ஏற்ற வேண்டியதைவிட மிக அதிகமான பேர் ஏறியிருந்தார்கள். ஹோட்டல் வரவேற்பறையில் ‘ஸ்நார்க்கலிங் போக போட் ரெடி சார்’ என்று சொல்லும்போது இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். படகு எத்தனை பேருக்கு அனுமதி பெற்றது, ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் உண்டா என்று கேளுங்கள். பணத்தை ஹோட்டல் பில்லிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்தால் அந்தப் படகும் ஹோட்டலின் சேவை ஆகிறது. தனியாகக் கையில் கொடுத்தால், ‘அது வெளி ஆள்’ என்று நழுவ வழி கிடைத்துவிடும்.

இந்தத் தீவுகளில் உவர்நீர் முதலைகள் வாழ்கின்றன. 2010-இல் ராதாநகர் பக்கம் நீருக்கடியில் நீந்திக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலைக்குப் பலியானார். ஓடை வாயையும் அலையாத்திக் காட்டையும் ஒட்டிய அறை படத்தில் குளிர்ச்சியாகத்தான் இருக்கும்; குழந்தைகளோடு போகிறவர்கள் அங்கே எந்த இடத்தில் குளிக்க அனுமதி என்று கேட்காமல் எடுக்க வேண்டாம். 2004 டிசம்பர் 26 சுனாமியை அந்தமானில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. நில அதிர்வு அபாயம் மிகுந்த பகுதி அது. அறைக்குப் போனதும், மேட்டு நிலத்துக்குப் போகும் வழி எது என்று ஊழியரிடம் கேட்டு வைத்துக்கொள்வதில் வெட்கம் எதற்கு?

அந்தக் கேள்விக்கு வருவோம்

மோசமான வானிலையால் கப்பல் நின்றால், கப்பல் நிறுவனம் டிக்கெட் பணத்தைத் திருப்பித் தரும் அல்லது வேறு நாள் தரும். வானிலையால் விமானம் ரத்தானால் விமான நிறுவனமும் டிக்கெட் பணம் தரும், இழப்பீடு தராது. ஹோட்டல்? அறை அங்கே தயாராக இருந்தது, நீங்கள்தான் வரவில்லை என்பது அதன் பக்கத்து வாதம். சட்டம் இதில் தானாக உங்கள் பக்கம் சாயாது. முன்பதிவு விதியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே பேசும். ஆகவே பணம் கட்டும் முன் வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ இப்படி ஒரு செய்தி அனுப்புங்கள்: ‘வானிலையால் கப்பல் நின்று நாங்கள் வர முடியாவிட்டால் தேதியை மாற்றித் தருவீர்களா, பணம் திருப்புவீர்களா? அதே காரணத்தால் நாங்கள் கிளம்ப முடியாவிட்டால் கூடுதல் இரவுக்கு இதே வாடகைதானா?’ ‘பார்த்துக்கலாம் சார்’ என்பது பதில் ஆகாது. இரண்டில் ஒன்று எழுத்தில் வரும்வரை அடுத்த ஹோட்டலிடமும் கேட்டுக்கொண்டிருங்கள்.

கப்பல், ஹோட்டல், வண்டி எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக ஒருவரே விற்றிருந்தால் நிலைமை கொஞ்சம் மேல். எல்லாவற்றையும் கோத்துத் தருவதற்குத்தானே அவர் காசு வாங்கினார். ஒன்று நின்றால் மற்றதை மாற்றி அமைப்பது அவர் வேலை என்று கேட்க முடியும். பயணக் காப்பீடு எடுப்பதானால், வானிலையால் தங்க நேரும் இரவுக்குப் பணம் உண்டா, ஸ்கூபா போன்ற சாகச விளையாட்டு விலக்கப்பட்டிருக்கிறதா என்று விலக்குப் பட்டியலை முதலில் படியுங்கள்.

போய் இறங்கிய பிறகு அறை இல்லை என்றால்

உறுதி செய்த முன்பதிவோடு போய் நிற்கிறீர்கள். ‘ஓவர் புக்கிங் ஆகிவிட்டது’ என்கிறார்கள். இது தெளிவான சேவைக் குறைபாடு. அதே தரத்தில் அல்லது மேலான அறையை, போகும் வண்டிச் செலவோடு ஏற்பாடு செய்யச் சொல்லிக் கேளுங்கள். அந்த இடத்தில் வழக்கமாக ஒரு தந்திரம் நடக்கும்: ‘நீங்களே செயலியில் கேன்சல் பண்ணிடுங்க மேடம், பணம் வந்துடும்.’ பண்ணாதீர்கள். நீங்கள் ரத்து செய்தால் கணக்கில் அது உங்கள் ரத்து. பணம் வராது, வழக்கும் வலுவிழக்கும். செயலியின் உதவி எண்ணை அழைத்து, ஹோட்டல் மறுக்கிறது என்று அங்கேயே பதிவு செய்யுங்கள். ‘வரவில்லை’ என்று ஹோட்டல் பின்னால் எழுதாமல் இருக்க, வரவேற்பறையில் நிற்கும் படம் ஒன்று நேரத்தோடு எடுத்து வையுங்கள்.

மணமாகாத ஆணும் பெண்ணும் சேர்ந்து வந்தால் அறை மறுப்பதும் நடக்கிறது. அவர்கள் ஓர் அறையில் தங்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை என 2019 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோவை விடுதி ஒன்றின் வழக்கில் தெளிவாகச் சொன்னது. ஹோட்டல் தனக்கென விதி வைத்திருக்கலாம்; அதைப் பணம் வாங்கும்போது சொல்லாமல் வாசலில் சொல்வதுதான் குற்றம் சாட்டத் தக்கது. அடையாளத்துக்கு ஆதார் கேட்டால் எண் மறைத்த ஆதாரைக் கொடுக்கலாம்.

வழக்கு அந்தமானில் போட வேண்டியதில்லை

1986-இன் பழைய நுகர்வோர் சட்டத்தில், எதிர்த் தரப்பு இருக்கும் ஊரையோ பிரச்சினை நடந்த ஊரையோ தேடிப் போக வேண்டியிருந்தது. தூத்துக்குடிக்காரர் ஹேவ்லாக் ஹோட்டல் மீது வழக்குப் போட மறுபடி அந்தமானுக்கு டிக்கெட் எடுப்பாரா? ‘போனால் போகட்டும்’ என்று விட்டுவிடுவார். அது தெரிந்தேதான் ஹோட்டல்காரர்கள் பலரும் துணிந்தார்கள். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டம் இதை மாற்றியது. புகார்தாரர் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். ‘போர்ட் பிளேர் நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஒதுங்க வேண்டாம். சட்டம் கொடுத்ததை அச்சகம் பறிக்க முடியாது.

முதல் படி ஹோட்டலுக்கும் செயலிக்கும் எழுத்தில் புகார். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி செயலியின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். நடக்கவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். சிறு தொகைப் புகார்கள் பல இந்தக் கட்டத்திலேயே முடிந்துவிடும், பெரிய நிறுவனங்கள் வழக்கு என்ற சொல்லுக்கு முன்பே இறங்கி வருவதுண்டு. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கட்டிய தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேதான். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ‘இ-ஜாக்ரிதி’ தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, காணொலி வழி விசாரணையும் கேட்கலாம். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதைவிட நீளும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

புகாரோடு வைக்க வேண்டியவை: முன்பதிவு செய்த அன்று எடுத்த ஸ்கிரீன்ஷாட், ஹோட்டலோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், பணம் கட்டிய ரசீது, போய்ப் பார்த்த அறையின் படம், வேறு இடத்தில் தங்கியிருந்தால் அந்த பில். விளம்பரப் பக்கத்தைக் கட்டாயம் படம்பிடித்து வையுங்கள். சண்டை வந்த மறுநாளே அதில் ‘நீச்சல் குளம் பராமரிப்பில் உள்ளது’ என்ற வரி முளைப்பதுண்டு. அசல் வாடகையோடு மாற்று அறைக்குச் செலவானதையும் மன உளைச்சலுக்கான தொகையையும் தனித்தனியே கேளுங்கள். கேட்காததை ஆணையம் தேடி எடுத்துத் தராது.

கெடு இரண்டு ஆண்டு. அது பிரச்சினை நடந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். ‘விசாரிக்கிறோம்’, ‘மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம்’ என்று ஹோட்டல் பதில் எழுதிக்கொண்டிருந்த மாதங்களும் அந்தக் கெடுவுக்குள்தான் கழியும்.